இரண்டு பட்டியலிலும் இல்லாத சேகரம்

சர்வேயர் தன் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்து "முடிந்தது" என்று அறிவித்த இடத்தில் போன வாரம் அவரை விட்டுவிட்டு வந்தோம். பென்சிலைத்தான் கீழே வைத்தார். மனிதர் மட்டும் அதற்குப் பிறகு ஆறு நாளாகத் தரைக்கு இறங்கவில்லை.

இறங்குவது கஷ்டம்தான். எண்பது வருஷமாக ஒன்றாக இருந்த ஓர் ஆங்கிலிக்கன் திருமண்டலத்தை ஒரே கோட்டில் இரண்டாக்கிய கை அல்லவா அது! அதுவும் என்ன துல்லியம்! வடக்கே நாற்பத்தொன்று, தெற்கே நாற்பத்தொன்று. தராசில் வைத்தால் முள் அசையாது.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர் ஆயரும் அவர் பொறுப்பில் நாலைந்து சபைகளும் சேர்ந்தால் சேகரம். சேகரங்கள் எல்லாம் சேர்ந்தால் திருமண்டலம். அதற்கு மேலே ஒரு பேராயர். அவர் நேரில் வந்து தலையில் கைவைத்துத் திடப்படுத்தினால்தான் பிள்ளைகள் முழு அங்கத்தினர் ஆவார்கள். திருமண்டலம் பெருத்துப் பெருத்து, பேராயர் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் கைவைக்கக் காத்திருந்த பையன்களுக்கு மீசை முளைத்துவிட்டது. சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அதனால் பிரிவினை. அதனால் எல்லைக் குழு. அதனால், நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி இழுத்து ஓய்வுபெற்ற நம் சர்வேயர் அந்தக் குழுவுக்குத் தலைவர்.

அவர் மகள் திருமண்டல அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வாசலில் பெருக்குகிறவரிலிருந்து பேராயர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. இதுவரை மூன்று பேராயர்களுக்கு அக்காவாக இருந்திருக்கிறாள். அதில் இரண்டு பேர் அவள் அப்பாவைவிட மூத்தவர்கள்.

மகன் ஆயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் நகரத்துப் பெரிய கோயிலை அவன் கையில் கொடுத்தார்கள். "அது வேண்டாம், கல்குவாரி சேகரம் காலியா இருக்கே, அதைக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். "கல்லு உடைக்கிற இடத்துல போய் உட்காரவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அப்பா கேட்ட கேள்விதான் அவர்கள் நேராகப் பேசிக்கொண்ட கடைசி வாக்கியம்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. அக்கா வழியாக உண்டு. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "உன் தம்பிக்குக் காபி ஆறுதுன்னு சொல்லு" என்பார் இவர். "குடிச்சாச்சுன்னு சொல்லுக்கா" என்பான் அவன். தபால் இலாகாகூடத் தபாலுக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வாங்கித் தந்ததில்லை.

இன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்குப் பேராலயத்தில் பிரகடனம். எல்லாப் பேராயர்களுக்கும் மேலான பிரதம பேராயர் வாசித்து, கையெழுத்திட்டு, முத்திரை வைக்கும் கணத்தில் பழைய திருமண்டலம் மறையும், புதியவை இரண்டு பிறக்கும்.

ஒன்பதரை மணிக்கு அக்கா நாற்காலிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நடைபாதைக்கு வலது பக்கம் வடக்கு, இடது பக்கம் தெற்கு. கடைசிச் சீட்டை ஒட்டி, பசையைத் துடைத்தபோது போன் அடித்தது. தம்பி.

"அக்கா, கிளம்பிட்டேன். நான் எந்தப் பக்கம் உட்காரணும்? வடக்கா, தெற்கா?"

"உன் சேகரம் எதுல இருக்குன்னு உனக்கே தெரியாதாடா?"

"யாரு சொன்னா எனக்கு? எல்லைக் குழு சுற்றறிக்கை எல்லா ஆயருக்கும் வந்துச்சாம். எனக்கு வரலை. கல்குவாரிக்குத் தபால்காரர் வர்றதே பெரிய விஷயம்னு விட்டுட்டேன்."

"இரு, பார்க்கிறேன்."

வலது பக்கம் பார்த்தாள். இல்லை. இடது பக்கம் பார்த்தாள். இல்லை. பையிலிருந்து அச்சடித்த பட்டியல் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து வரி வரியாக இறக்கினாள். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. எண்பத்திரண்டு.

மாதாமாதம் எண்பத்திமூன்று உறைகளில் விலாசம் எழுதுகிறவள் அவள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அது வடக்குப் பேராயராகப் போகிறவருடைய நாற்காலி.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். நீ வா. மெதுவா வா. இல்ல, சீக்கிரம் வா."

"ரெண்டுல எது?"

"வாடா!" என்று வைத்துவிட்டாள்.

பதினொரு தடவை அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்திருக்கிறாள். கடைசிப் பிரதியில் நாற்பத்தொரு வரி ஒரு பக்கத்தில் அளவெடுத்ததுபோல அடங்கியது. பக்கத்துக்கு ஒரு திருமண்டலம். அந்த அழகில் அவளுக்கே ஒரு சந்தோஷம் வந்து, கூட்டிப் பார்க்கத் தோன்றாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

அலுவலகம் பேராலயத்துக்குப் பின்பக்கம். ஓட்டமும் நடையுமாகப் போய் எல்லைக் குழுவின் மினிட் புத்தகத்தைப் புரட்டினாள். அங்கே இருந்தது பதில்.

குழு வேலை செய்த விதம் எளிமையானது. சேகரத்துக்கு ஓர் அட்டை. மேஜையின் வலது பக்கம் வடக்கு, இடது பக்கம் தெற்கு. அட்டையை எடு, விவாதி, வை. கல்குவாரி அட்டை கைக்கு வந்தபோது தலைவர் அதைத் தனியே கவிழ்த்து வைத்தார். "இது என் மகன் இருக்கிற சேகரம். இதை நான் தொட மாட்டேன். மற்றவர்கள் கடைசியில் முடிவு செய்யட்டும்" என்றார். மற்றவர்கள் ஆறு பேர். தலைவரே தொடாததைத் தாங்கள் தொடுவது மரியாதையில்லை என்று ஆறு பேருக்கும் தோன்றியிருக்கிறது. அதைப் பற்றி மினிட் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான்:

"தலைவரின் பாரபட்சமற்ற நேர்மையைக் குழு ஒருமனதாகப் பாராட்டிப் பதிவு செய்கிறது."

பாராட்டு பதிவாகிவிட்டது. சேகரம்தான் பதிவாகவில்லை.

"ஆகவே, என்ன தேடுறீங்க அக்கா?"

பின்னால் திருமண்டலச் செயலர். எந்த வாக்கியத்தையும் "ஆகவே" போட்டுத்தான் தொடங்குவார். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது. அலுவலகத்தில் அவர் பெயரே ஆகவேதான். நாளையிலிருந்து வடக்குத் திருமண்டலத்துக்குச் செயலர்.

சொல்லாமல் முடியாது. சொன்னாள். ஆகவே ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். ஜெபிக்கிறார் போலிருந்தது, கணக்குப் போட்டிருக்கிறார்.

"ஆகவே, பதறாதீங்க. முத்திரை விழுறவரைக்கும் எதுவும் சட்டம் இல்லை. பிரதம பேராயர் கையெழுத்துப் போடுற மூலப் பிரதி உங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கு? வடக்குப் பட்டியல்ல நாற்பத்திரண்டாவதா ஒரு வரி தட்டுங்க. அந்தப் பக்கத்தை மாத்துங்க. முடிஞ்சது."

"வடக்குல ஏன்? தெற்குல ஏன் இல்லை?"

"ஆகவே, எங்கேயாவது வைக்கணும்ல?"

அக்காவுக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரியும் இரண்டு திருமண்டலங்களுக்கும் பொதுவாகவே இருக்கப்போகின்றன. அவற்றின் நிர்வாகத்தில் சேகரத்துக்கு ஒரு ஓட்டு. நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று என்றால் இழுபறி. நாற்பத்திரண்டு என்றால் ராஜ்யம்.

"அது மட்டுமில்ல அக்கா," ஆகவே குரலைத் தாழ்த்தினார். அவசரத்தில் தன் "ஆகவே" விட்டுப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. "உங்க அப்பா மானம் இருக்கு. ஊர் கூடியிருக்கிற இடத்துல, எல்லை போட்டவர் தன் மகனையே மறந்துட்டார்னு வந்தா? எழுபத்துநாலு வயசு மனுஷன். யோசிங்க."

யோசித்தாள். அந்த இடத்தில்தான் மனிதர் சரியாகக் குத்தினார். ஒரு வரி. இரண்டு நிமிஷ வேலை. அப்பாவுக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரியாது, கடவுளுக்குத் தெரிந்தாலும் அவர் மினிட் எழுதுவதில்லை.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். பட்டியலில் கண்ட சேகரங்களின் ஆயர்களுக்கு மட்டுமே ஊழிய உரிமம் தொடரும். முத்திரைக்குப் பிறகு திருத்த வேண்டுமானால் எல்லாத் திருமண்டலங்களும் சேர்ந்த பெருமன்றம் கூட வேண்டும்; அது கூடுவது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. பதினோரு மணி தாண்டினால் தம்பி எந்தப் பேராயருக்கும் ஆயர் இல்லை. கல்குவாரியில் முப்பத்திரண்டு பேர் திடப்படுத்தலுக்குத் தயாராக இருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு வயது இருபத்தாறு. அவர் தலையில் கைவைக்க எந்தப் பேராயரும் வர மாட்டார்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். பட்டியலைத் திறந்தாள். நாற்பத்திரண்டு என்று அடித்தாள். அடித்த எண்ணைப் பார்த்தாள்.

பிறகு அழித்துவிட்டு எழுந்தாள்.

"ஆகவே எங்க போறீங்க?"

"எங்க அப்பாகிட்ட."

பேராலய வெஸ்ட்ரி அறையில், ஆயர்கள் அங்கி மாட்டும் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் சர்வேயர் ஒத்திகையில் இருந்தார். இருபது வருஷத்துக்கு முன் தைத்த கோட்டு. பித்தான் போடுவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"'ஒரு சேகரம் கூடவும் இல்லை, ஒரு சேகரம் குறையவும் இல்லை.' எப்படிம்மா இருக்கு? இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தணும். கைதட்டுவாங்க."

"அப்பா, உட்காருங்க."

"உட்கார்ந்தா பித்தான் போயிடும். சொல்லு."

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் அளவு பார்த்தவரிடம் சுற்றி வளைத்தால் கோபம் வரும். அவர் புத்தகத்தை வாங்கி, தானே விரல் வைத்து எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டார்.

"அவங்க பார்த்துக்குவாங்கன்னு நினைச்சேன்," என்றார்.

"அவங்க நீங்க பார்த்துக்குவீங்கன்னு நினைச்சிருக்காங்க."

பித்தான் போய்விட்டது. அவர் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே சொன்ன யோசனையையும் சொன்னாள். மறைக்க மனம் வரவில்லை. "செய்யட்டுமான்னு கேட்க வரலைப்பா. தெரிஞ்சிருக்கணும்னு சொன்னேன்."

கதவு திறந்தது. தம்பி. அங்கி கையில், செருப்பிலிருந்து புருவம்வரை கல்தூள். பத்தொன்பது கிலோமீட்டர் பைக்கில் வந்தவன் அப்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னக்கா, எனக்கு நாற்காலியே இல்லை?"

அக்கா அவனுக்கும் சொன்னாள். அவன் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

"உன் தம்பிகிட்டக் கேளு," என்றார் சர்வேயர் தரையைப் பார்த்தபடி. "அவனுக்கு வடக்கு வேணுமா, தெற்கு வேணுமா?"

"எனக்கு என்ன வேணும்ங்கிறதா கேள்வி? எங்க பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல் தெற்குல இருக்கு. நுரையீரல்ல தூசி போனா ஓடுற ஆஸ்பத்திரி வடக்குல இருக்கு. யாரோ போகிற போக்குல தட்டி விடுற வரியில்லக்கா அது. நூத்தியெழுபது குடும்பம். அவங்களை ஒரு வார்த்தை கேட்கணும்னு அப்பாகிட்ட சொல்லு."

"கேட்கிறதுக்கு நேரம் எங்கே இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு. இன்னும் நாற்பது நிமிஷம்."

"ஏன், மூணு வருஷம் இருந்துச்சேன்னு சொல்லு."

அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். "இதுல எதையும் நான் சொல்லப்போறதில்லை," என்றாள். "எனக்கு வேற வேலை இருக்கு. உள்ளே எண்பத்திரண்டு நாற்காலிதான் கிடக்கு. எண்பத்திமூணாவது தேடணும்."

போய்விட்டாள். மூடிய கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. இருபத்திரண்டு வருஷ அலுவலக அனுபவத்தில், சத்தமில்லாத கூட்டங்களைப் பார்த்துத்தான் அவள் பயப்படுவாள்.

நாற்காலி கிடைக்கவில்லை. பதினோரு மணிக்கு மணி அடித்தது. ஊர்வலம் வந்தது. தம்பி தூணோடு தூணாக நின்றான். முன்னால் பிரதம பேராயர். குட்டையான, வயதான மனிதர். புது ஷூ காலைக் கடிக்கிறது என்பதை அவர் நடையே சொன்னது. அவருக்குப் பின்னால் வடக்குக்கு ஒருவர், தெற்குக்கு ஒருவர். யார் அங்கி நீளம் என்பதில் அவர்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஒரு பாட்டு. ஒரு ஜெபம். பிறகு, "எல்லைக் குழுத் தலைவர் தமது அறிக்கையைச் சமர்ப்பிப்பார்."

சர்வேயர் மேடை ஏறினார். கோட்டு திறந்து கிடந்தது. கையிலிருந்த உரையைப் பிரித்தார்.

"மாட்சிமை பொருந்திய பிரதம பேராயர் அவர்களே, பெருமதிப்பிற்குரிய..." என்று தொடங்கி, மூன்றாவது பெருமதிப்பில் நின்றார். காகிதத்தை மடித்தார்.

"எண்பத்திமூணு சேகரம் இருக்கு," என்றார். குரல் மாறிவிட்டது, வீட்டுக் குரல். "நான் எண்பத்திரண்டைத்தான் பிரிச்சேன். ஒண்ணு விட்டுப்போச்சு. என் மகன் இருக்கிற சேகரம். அவனுக்குச் சாதகம் பண்ணிட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு தனியா எடுத்து வெச்சேன். வெச்ச இடத்துலேயே விட்டுட்டேன். தப்பு என்னோடது. குழுவோடது இல்லை. தட்டச்சு செஞ்சவங்களோடதும் இல்லை."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் இடித்திருக்க வேண்டும், சட்டென்று நின்றது.

அக்கா புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவ்வளவு பேருக்கு முன்னால் அவ்வளவு சின்னதாக நின்று அவள் பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் பசை. ஒட்டிக்கொண்டது.

முதலில் எழுந்தவர் வடக்குப் பேராயராகப் போகிறவர். "கல்குவாரி மக்கள் எப்போதுமே எங்கள் இருதயத்துக்கு நெருக்கமானவர்கள். வடக்கு அவர்களை அன்போடு அணைத்துக்கொள்ளும்."

தெற்கு சும்மா இருக்குமா? "சரித்திரத்தைப் பார்த்தால் அது தெற்கின் குழந்தை. அந்தச் சபையை நட்டதே எங்கள் முன்னோர்கள்தான்."

போன வருஷம், இரண்டு பேரும் வட்டாரத் தலைவர்களாக இருந்த சமயம், கல்குவாரிக் கோயில் பழுதுபார்க்கக் கடிதம் வந்தபோது, அது இவர் பொறுப்பு என்று அவரும், அவர் பொறுப்பு என்று இவரும் எழுதிய பதில்கள் அக்காவின் அலமாரியில் ஒரே கோப்பில் ஒற்றுமையாகக் கிடக்கின்றன.

தூணுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஐயா, மன்னிக்கணும். எங்க கோயில் கூரை நாலு வருஷமா ஒழுகுது. இவ்வளவு நெருக்கமான சொந்தக்காரங்க இத்தனை பேர் இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா, வாளி வைக்கிறதுக்காவது கூப்பிட்டிருப்பேன்."

இந்தத் தடவை சிரித்தவரை யாரும் இடிக்கவில்லை. இடிக்க வேண்டியவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரதம பேராயர் ஷூவைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். பேனாவை எடுத்தார்.

"எண்பத்திரண்டுக்கு இப்போ முத்திரை வைக்கிறேன். எண்பத்திமூணாவது சேகரம் ஏழு நாளைக்கு என் நேரடிப் பொறுப்பு. என் கையாலேயே எழுதிடறேன்." எழுதினார். எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிய சேகரம் அந்த நொடியில் பேராலயத்தையே தாண்டி மேலே போய் உட்கார்ந்தது. "அடுத்த சனிக்கிழமைக்குள்ளே அந்த மக்களோட முடிவு கையெழுத்தோட என்கிட்ட வரணும். வரலைன்னா மூணு வருஷம் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது, என்னாலேயும்தான். தலைவரே போய்க் கேட்டு எழுதிட்டு வரட்டும்."

"நானா?" சர்வேயர் திடுக்கிட்டார். "வேற யாரையாவது அனுப்புங்க. அங்கே என் மகன்... நாளைக்குப் பாரபட்சம்னு பேச்சு வரும்."

"ஐயா, நீங்க பாரபட்சமே பார்க்காததாலதான் இந்தக் கதி. போய்க் கொஞ்சம் பாருங்க."

வெளியே வெயில். ஆயர்கள் புதுப் புதுத் திருமண்டலங்களாகக் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷச் சிநேகிதர்கள்கூட அதற்குள் பக்கம் பிரிந்துவிட்டார்கள். படிக்கட்டில் சர்வேயர், அக்கா, இரண்டு படி தள்ளித் தம்பி.

"உன் தம்பிகிட்டக் கேளு..." என்று ஆரம்பித்தார். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு புத்தகக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். அவிழ்க்க எந்த அவசரமும் இல்லை.

அவர் மகன் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

"டேய். உன் ஊருக்கு எப்படிடா போறது?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் ஒரு கார் சரளையை வாரி இறைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. முன்சீட்டில் ஆகவே. பின்சீட்டில், அங்கியைக்கூடக் கழற்றாமல், வடக்குப் பேராயர். மடியில் பெரிய சுருள். கூரைத் தகட்டுக் கம்பெனியின் விளம்பரப் படம் அதில் பாதி தெரிந்தது. வாசலில் கார் திரும்பிய திசை கல்குவாரி ரோடு.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"கூரை போட்டுத் தர்றேன்னு கையெழுத்து வாங்கிடுவாங்கடா," என்றார் சர்வேயர். அவர் குரலில் இருந்த அவசரம் அக்காவுக்கே புதிதாக இருந்தது. "குறுக்கு வழி ஏதும் இருக்கா?"

"இருக்கு. உங்க மேப்ல இல்லை. ஏறுங்க."

தம்பி பைக்கை உதைத்தான். சர்வேயர் கோட்டைச் சுருட்டி அக்காவிடம் கொடுத்துவிட்டு, காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். எண்பத்திரண்டு சேகரங்களை அளந்து பிரித்த மனிதருக்குப் பின்சீட்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. கை காற்றில் இரண்டு பக்கமும் தேடியது. வண்டி குலுங்கிக் கிளம்பியபோது மகனின் தோள் அகப்பட்டது.